வுட்ஹவுஸ், கெட்டி அட்டையில்: விலை கூடுதல்தான், வாங்கலாம்

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. வுட்ஹவுஸ் எழுதிய ‘தி கோட் ஆஃப் தி ஊஸ்டர்ஸ்’ நாவலை எவ்ரிமேன் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் பதிப்பில் வாங்கிப் படித்தேன். பேப்பர்பேக்கை விட விலை நன்றாகவே கூடுதல். இருந்தாலும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் இது ஒரு தடவை படித்துவிட்டு அலமாரியில் செருகிவிடுகிற புத்தகம் இல்லை, கதை முழுக்கத் தெரிந்த பிறகு திரும்பப் படிக்கும்போதுதான் இன்னும் சிரிப்பு வருகிறது.

முதலில் புத்தகத்தின் கட்டுமானம். கும்பகோணம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் வைத்த காகிதம்கூட நமுத்துப் போகும். பழைய பேப்பர்பேக் என்றால் முதுகுப் பசை விட்டுப்போய்த் தாள் தாளாகக் கையோடு வரும். இது துணி பைண்டிங், நூல் வைத்துத் தைத்தது, அமிலமில்லாத தாள் என்பதால் சீக்கிரம் பழுப்பேறாது. 2000 முதல் 2015 வரை இதே அமைப்பில் வுட்ஹவுஸ் புத்தகங்களை 99 தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். எனக்கு அனுப்பிய கடை அட்டைப்பெட்டி போடாமல் வெறும் உறையில் போட்டு அனுப்பியதால் ஒரு முனை மடங்கி வந்தது, அது பதிப்பின் குற்றம் இல்லை.

சரி, கதை. 1938-ல் வந்தது. பெர்டி ஊஸ்டர் வேலை எதுவும் பார்க்கத் தேவையில்லாத பணக்கார இளைஞன், ஜீவ்ஸ் அவனுடைய புத்திசாலி வேலைக்காரர். அவனுடைய டாலியா அத்தை நடத்துகிற பெண்கள் பத்திரிகைக்கு ஒரு தொடர்கதை வாங்கப் பணம் வேண்டும், பணம் அவளுடைய கணவர் டாமிடம் இருக்கிறது, அவருக்கோ பழைய வெள்ளிச் சாமான் சேர்ப்பதில் பைத்தியம். மாடு உருவத்தில் செய்த ஒரு வெள்ளிப் பால் குவளை அவருக்குக் கிடைத்துவிட்டால் மனசு குளிர்ந்து காசு தருவார். அந்தக் குவளையை சர் வாட்கின் பாசெட் என்ற இன்னொரு சேகரிப்பாளர் தந்திரமாகத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார். இவர் முன்பு மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, போலீஸ்காரர் தொப்பியைத் திருடிய பெர்டிக்கு 5 பவுண்டு அபராதம் போட்டவர். இப்போது அவருடைய மாளிகைக்கே விருந்தாளியாகப் போய்க் குவளையைத் திருடி வா என்கிறாள் அத்தை. மாட்டேன் என்றால் இனிமேல் தன் வீட்டில் சாப்பாடு கிடையாது என்கிறாள், அங்கே சமைப்பவர் அனத்தோல் என்ற அபாரமான பிரெஞ்சுச் சமையல்காரர். நல்ல தவசிப்பிள்ளை ஒருவருக்காக இரண்டு மிராசுதார் வீடுகள் மனஸ்தாபப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இந்த மிரட்டலின் கனம் விளக்காமலே புரியும். அத்தையின் அதிகாரமும் அப்படித்தான்.

அங்கே போனால் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி பிரியப் பார்க்கிறது, ஒரு நோட்டுப் புத்தகம் தொலைகிறது, பாசெட்டின் உறவுக்காரப் பெண் தன் காதலரான பாதிரியாரை போலீஸ்காரர் தொப்பியைத் திருடச் சொல்கிறாள். எந்த விஷயமும் தனியாக நிற்பதில்லை. ஒரு மதகைத் திறந்தால் வேறெங்கோ ஒரு வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிற மாதிரி, பெர்டி ஒரு சிக்கலை அவிழ்த்தால் இன்னொன்று இறுகுகிறது. இந்தக் கதைப்பின்னலை எனக்குத் தெரிந்து நகைச்சுவையில் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. எல்லாவற்றையும் கடைசியில் ஜீவ்ஸ் எப்படிச் சரிசெய்கிறார் என்பதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

அந்த மாளிகையில் தங்கியிருக்கிற ஸ்போட் என்ற ஆளைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆஸ்வால்ட் மோஸ்லி என்பவர் 1932-ல் பாசிசக் கட்சி ஆரம்பித்துக் கருப்புச் சட்டைப் படை நடத்திக்கொண்டிருந்தார். ஸ்போட் அவரைப் பார்த்து வார்த்த பாத்திரம், ஆனால் இவன் ஆட்கள் போடுவது கருப்பு அரைக்கால் சட்டை. பலரும் அந்த ஆசாமிகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த காலத்தில் அவனை இப்படி நிற்கவைத்துச் சிரித்தது பெரிய தைரியம் என்று நினைக்கிறேன், நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஆங்கிலம் கஷ்டமா என்று கேட்பார்கள். முதல் 20 பக்கம் கொஞ்சம் தடுக்கும், உண்மை. பெர்டி பாதி ஞாபகத்தில் ஷேக்ஸ்பியரையும் பைபிளையும் இழுப்பான், விட்ட மீதியை ஜீவ்ஸ் பணிவாக எடுத்துக் கொடுப்பார். இந்தப் பதிப்பில் அடிக்குறிப்பே இல்லை என்பது நம் போன்ற வாசகர்களுக்கு நிஜமான குறை, இவ்வளவு விலைக்கு நாலு பக்கம் குறிப்பு சேர்த்திருக்கலாம். வாய்விட்டுப் படித்தால் பெருமளவு தெளிந்துவிடுகிறது, ஏனென்றால் சிரிப்பு பாதிக்கு மேல் ஓசையில் இருக்கிறது, பெர்டி மூச்சுவிடாமல் அளக்க ஜீவ்ஸ் இரண்டே சொல்லில் பதில் சொல்லும் இடங்கள் காதில் விழுந்தால்தான் முழுசாகப் பிடிபடும். ஜோனதன் செசில் வாசித்த ஒலிப்புத்தகம் இருக்கிறது, பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

எழுத்தாளர் தேவனைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாக இருக்காது. திருவிடைமருதூர்க்காரரான அவர் விகடனில் எழுதிய துப்பறியும் சாம்புவும் அசடு என்று எல்லோரும் நினைக்கிற ஆள்தான். சாம்பு அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பான், பெர்டியைக் காப்பாற்றுவது வேலைக்காரரின் மூளை. சாம்புவின் வெகுளித்தனத்தில் எனக்குப் பாசம் அதிகம், கட்டுக்கோப்பில் வுட்ஹவுஸ் ஒரு படி மேல். இந்த நாவலும் முதலில் அமெரிக்காவில் வாரப் பத்திரிகைத் தொடராக வந்ததுதான், அதனால் அத்தியாய முடிவுகள் கீழே வைக்க விடாது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 1934-ல் வந்த ‘ரைட் ஹோ, ஜீவ்ஸ்’ முதலில் படித்துவிட்டு இதற்கு வாருங்கள், கல்யாணம் நிச்சயமான அந்த ஜோடியின் முன்கதை அதில்தான் இருக்கிறது, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா அத்தியாயத்துக்காகவே படிக்க வேண்டும். அதைப் பேப்பர்பேக்கில் வாங்கினால் போதும். பிடித்துப்போனால் இந்தப் புத்தகத்தைக் கெட்டி அட்டையிலேயே வாங்குங்கள், வாங்கும்போது பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.