நெய்ம் ஏ5, கிம்பர் 8டிசி, கடைக் கம்பி: எந்த ஆம்ப்ளிஃபையருக்கு எந்த ஸ்பீக்கர் கேபிள்?

ஸ்பீக்கர் கேபிளை ஒப்பிடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பிளஸ் கம்பியும் மைனஸ் கம்பியும் எவ்வளவு நெருங்கி ஓடுகின்றன என்பதை. விலகி ஓடினால் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) ஏறும், கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் தன்மை) இறங்கும். நெருங்கினால் நேர்மாறு.

இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள நெய்ம் நிறுவனத்தின் நாக் ஏ5 (NAC A5) விலகி ஓடும் ரகம். 4 சதுர மி.மீ. செம்பு இரண்டு, நடுவே இடைவெளி விட்டுப் பிடிக்கும் பட்டை. மீட்டருக்கு இண்டக்டன்ஸ் சுமார் 1 மைக்ரோஹென்றி, கெப்பாசிட்டன்ஸ் 16 பிக்கோஃபாரட். அமெரிக்காவில் ரே கிம்பர் 1979இல் தொடங்கிய கிம்பர் கேபிளின் 8டிசி (8TC) இதற்கு நேர் எதிர்: டெஃப்லான் உறையிட்ட 16 கம்பிகள், பிளஸுக்கு எட்டு, மைனஸுக்கு எட்டு, எல்லாம் ஒரே பின்னல்.

5 மீட்டர் ஏ5, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 0.63 ஓம் தடை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைவது 0.1 டெசிபெல். அதைக் காதால் பிடிப்பது மிகக் கடினம். அப்படியானால் எங்கே பிரச்சினை? ஆம்பில், அதாவது ஆம்ப்ளிஃபையரில்.

கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் ஆம்பைக் குலைக்காமல் காக்க, பல ஆம்புகளின் வெளியீட்டில் ஒரு சிறு கம்பிச் சுருள் (அவுட்புட் காயில்) இருக்கும். நெய்மின் பழைய பவர் ஆம்புகளில் அது கிடையாது. அந்த வேலையைக் கேபிளின் இண்டக்டன்ஸே செய்கிறது. அதனால்தான் பக்கத்துக்குக் குறைந்தது 3.5 மீட்டர், இரு பக்கமும் சம நீளம் என்று நெய்ம் சொல்கிறது. ஸ்பீக்கர் அருகில் இருக்கிறதென்று 2 மீட்டராக வெட்டிவிடாதீர்கள். அந்த ஆம்பில் 8டிசி போன்ற பின்னல் கேபிளை மாட்டவே வேண்டாம். காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் ஊசலாடத் தொடங்கும், பாட்டு ஓடாதபோதே ஹீட்சிங்க் (ஆம்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) சுடும், ட்வீட்டர் (கீச்சொலி ஸ்பீக்கர்) கருகலாம்.

அவுட்புட் சுருள் உள்ள மற்ற ஆம்புகளுக்கு 8டிசி தாராளமாகப் போகும். கேபிள் நீளமாக இருந்து, வேறு தயாரிப்பு ஆம்ப் சூடேறுவதாகச் சந்தேகம் வந்தால், ஊசலாட்டத்தை அடக்க ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே 10 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரையும் தொடராகப் போடலாம். 8டிசியில் முனை சீவுவதுதான் சிரமம். டெஃப்லான் கெட்டி, பிளேடு செம்பைக் கீறிவிடும். நிறம் மாறி ஒரே ஒரு கம்பி எதிர்க்கட்டுக்குள் போனாலும் ஷார்ட். இரண்டு முனையையும் கழற்றிவைத்து, மல்டிமீட்டரில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் தொடர்பில்லை என்று பார்த்த பிறகே ஆம்பில் செருகுங்கள்.

அவுட்புட் சுருள் உள்ள ஆம்பும் 5 மீட்டருக்குள் கேபிள் நீளமும் என்றால் என் ஓட்டு எலக்ட்ரிக்கல் கடையின் 4 சதுர மி.மீ. பல இழைச் செம்புக் கம்பிக்கே. சிவப்பும் கறுப்பும் எடுத்து முறுக்கிக்கொண்டால் போதும். 5 மீட்டருக்குப் போக வரத் தடை 0.043 ஓம்; ஏ5உம் அதே அளவுதான். வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம்: தடையும் அதிகம், ஸ்க்ரூவை இறுக்கினால் நாளடைவில் தளர்ந்தும் விடும்.