இளமீன் வரத்து: ஒரே சராசரியா, இரண்டா?

கிருஷ்ணகிரி அணையின் மீன் இருப்பைக் கணக்குப் போட உட்கார்ந்தால் தடுமாற வைப்பது, ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் இளமீன் வரத்து. எல்லா ஆண்டுக்கும் ஒரே சராசரியா, வரத்து மாறிய ஆண்டில் வெட்டி முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டா?

தரவு:
ஒரே சராசரி – தரவு குறைவாக இருந்தாலும் ஓடும்.
இரண்டு சராசரி – வெட்டுக்கு இருபுறமும் பல ஆண்டு வயதுவாரித் தரவு (எந்த வயது மீன் எவ்வளவு என்ற கணக்கு) வேண்டும்.

ஆபத்து:
ஒரே சராசரி – வரத்து நிலையாகக் குறைந்தபின்னும் பழைய வளத்தையே எதிர்பார்க்கும். பிடிப்பு வரம்பு எகிறும்.
இரண்டு சராசரி – நாலு மோசமான பருவத்தை நிரந்தர மாற்றம் என்று நம்பிவிடும். அதிகம் பிடித்துத் தாய்மீன் குறைந்திருந்தாலும் பழி சூழலுக்குப் போகும். மீன் இருப்பை மீட்கும் இலக்கும் தாழும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

அணைகளில் கட்லா, ரோகு வரத்து பெரும்பாலும் நாம் விடும் குஞ்சைப் பொறுத்தது. அதற்கு முதலில் குஞ்சு விட்ட பதிவேட்டைப் பாருங்கள். திலேப்பியா போலத் தானே பெருகும் மீனுக்கு ஒற்றைச் சராசரி சரி. நீர்மட்டம் போன்ற காரணம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் வெட்டலாம்.