கக்கூஸையும் குளியலறையையும் ஒன்றாக்கிய பிறகு: நாலைந்து வருட அனுபவம்

போன வாரம்தான் பாத்ரூம் கதவு நிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு கிரானைட்டில் நிலை வைத்தோம். அதே நேரம் பார்த்து நண்பர் ஒருவர், எங்கள் வீட்டில் செய்த மாதிரியே தன் பழைய வீட்டிலும் அடுத்தடுத்து இருக்கும் கக்கூஸையும் குளியலறையையும் ஒன்றாக்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது மடிப்பாக்கத்தில் தரைத்தளம், பழைய தனி வீடு. நடுவில் இருந்த நாலரை அங்குலச் சுவரை எடுத்ததில் எட்டடி நீளம், நாலரை அடி அகலத்தில் ஒரே அறை கிடைத்தது. கதவருகில் வாஷ்பேசின், நடுவில் கமோடு, கடைசியில் ஷவர். ஈரம் படுகிற இடம் உள்ளே, காய்ந்த இடம் வாசல் பக்கம், வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தரைத் தண்ணீர் இறங்குகிற நஹானி ட்ராப்பும் ஷவருக்குக் கீழேதான் குறித்திருந்தது.

வேலை எடுத்தவர் அதை அங்கே வைக்கவில்லை. பழைய குளியலறை முன்பக்கம் இருந்ததால் பழைய நஹானி கதவிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தது. அதை உள்ளே நகர்த்த வேண்டுமானால் தரையை உடைத்து வெளியே சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் தொட்டி) வரை புது பைப் போட வேண்டும். "பழைய லைனே நல்லாத்தானே சார் இருக்கு" என்று டைல்ஸ் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு சொன்னார். இதைவிடப் பொறுப்பில்லாத பதிலை நான் கேட்டதில்லை.

விளைவு இதுதான். குளிக்கிற தண்ணீர் ஷவரடியில் கிளம்பி, கமோடைச் சுற்றிக்கொண்டு, வாஷ்பேசின் அடியில் நுழைந்து, வாசலுக்கு வந்துதான் இறங்குகிறது. காய்ந்த இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. காலையில் ஒருவர் குளித்துவிட்டால் அடுத்தவர் பல் தேய்க்கப் போனாலும் கால் நனையும். சரி, வாட்டமாவது ஒழுங்காகக் கொடுத்தாரா? எண்பது அங்குலத்துக்கு ஒரு அங்குலம் என்று வைத்தாலும் எட்டடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்கம் வர வேண்டும், இங்கே அதில் பாதிகூட இல்லை. போதாததற்கு இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். நாலு பக்கமிருந்தும் ஒரு புள்ளிக்குச் சரிய வேண்டிய தரையில் அவ்வளவு பெரிய டைல் வளையுமா? ஒரே பக்கம் சரிவாக விட்டு, ஓரத்தில் தண்ணீர் இறங்க நீள ஜாலி வைத்தால்தான் பெரிய டைல் சரிப்படும். இல்லாவிட்டால் ஓரடி டைல், அதற்கும் சின்னது இன்னும் நல்லது. கமோடின் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கிறது. போர் தண்ணீர் என்பதால் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் படை கட்டிவிடும், அதன் ஓரத்தில் சோப்புப் பசை. தினமும் வைப்பரால் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். கதவு நிலை உளுத்ததும் இந்த வாசல் ஈரத்தால்தான். வேப்பமர நிலை, அடிப்பக்கம் விரலால் அழுத்தினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது.

நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். சுவருக்குள் போன சிபிவிசி பிளாஸ்டிக் தண்ணீர் பைப்பில் இதுவரை ஒரு சொட்டுக் கசிவு இல்லை, பிளம்பர் பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்த்த பிறகுதான் பூச விட்டார். கமோடின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றேகால் அடிக்கு மேல் இடம் விட்டிருப்பதால் நெருக்கம் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட, ஷவர் மூலையில் கட்டிய திண்டு. ஒன்றரை அடி உயரம், மேலே கறுப்பு கிரானைட். வரைபடத்தில் இடம் மிச்சம் இருக்கிறதே என்று சேர்த்ததுதான். முழங்கால் வலியால் முக்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சிரமப்பட்ட அம்மா, இப்போது அதில் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரில் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார். பழைய நாலடி அறையில் இதற்கு இடமே இருந்திருக்காது. அந்தத் திண்டின் மேல் தண்ணீர் துளிகூட நிற்காது, முன்பக்கம் அவ்வளவு அழகாகச் சரித்து வைத்திருக்கிறார்கள். அதே ஆட்கள்தான் தரையும் போட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், சுவரை எடுத்துவிடுங்கள் என்பதுதான். வீட்டில் ஐந்தாறு பேர் இருந்து வேறு கழிப்பறை இல்லையென்றால் மட்டும் யோசியுங்கள், ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும். தரை பைப் பதிக்கிற நாளன்று மட்டும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். அப்புறம் டைல்ஸ் ஒட்டும் முன் வெறும் சிமெண்ட் தளத்தில் ஒரு பக்கெட் தண்ணீரை ஷவர் மூலையில் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் அன்றைக்கே கொத்தச் சொல்லுங்கள், கொத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.