பிரேக் இல்லாத வண்டியோடு ஒன்பது வருடம்

பழைய ஜாப் (JAP என்ற ஆங்கிலேய கம்பெனி) இன்ஜின் ஸ்பீட்வே பைக் ஒன்றை இங்கிலாந்தில் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. ஸ்பீட்வே என்றால் நீள்வட்ட மண்தடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் பைக் பந்தயம். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரே கியர். பிரேக் கிடையாது. வருடத்துக்கு நாலைந்து முறை, பழைய வண்டிக்காரர்களுக்கு ஒதுக்கும் பயிற்சி நாட்களில் ஓட்டுகிறேன்.

பிரேக் இல்லாமல் எப்படி என்று கேட்காதவர்கள் இல்லை. நாலு வண்டி ஒட்டி ஓடும்போது முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் கதி என்ன? அதுதான் விஷயம். வளைவில் பின்சக்கரத்தை வெளியே வழுக்கவிட்டு ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் திருப்பினால் வேகம் தானே அடங்கும். பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை விட்டால்தான் வம்பு, டயர் பிடித்துக்கொண்டு வண்டி நேராக வேலியைப் பார்த்துப் போகும். முதல் வருடம் இரண்டு முறை போனேன்.

இந்த வழுக்கலை ஓட்டியவர்கள்தான் கண்டுபிடித்தார்கள், அதற்கென்றே செய்த வண்டி பிற்பாடுதான் வந்தது. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லாண்டில் 1923 டிசம்பர் 15 இரவு, விளக்கு வெளிச்சத்தில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயத்தைத்தான் பலரும் தொடக்கம் என்கிறார்கள். (அதற்கு முன்பே மண்தடத்தில் ஓட்டினார்கள் என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு, விடுங்கள்.) 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில், ஹை பீச் என்ற இடத்தில் ஒரு மதுக்கடைக்குப் பின்னால் பந்தயம் நடந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம்.

அப்போது டக்ளஸ் வண்டிதான் ராஜா. நீளம், தாழ்வு, படுக்கைவாட்டில் இரட்டை சிலிண்டர். இடது காலைப் பின்னால் இழுத்தபடி ஓட்டுவார்கள். நிலக்கரிக் கசடு தடிமனாகக் கிடக்கும் தடத்துக்கு அது பொருத்தம். 1930இல் ஜாப் வந்தது. எடை குறைவு, காலை முன்னால் நீட்டி ஓட்டலாம். அப்புறம் முப்பது வருடம் அதை அசைக்கப் பெரிதாக யாரும் இல்லை.

குறை இல்லாமலா? குடிப்பது மெத்தனால். ஓட்டி முடித்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவ வேண்டும். ஒரு குளிர்காலம் சோம்பலில் விட்டேன், திறந்தால் உள்ளே வெள்ளை மாவு. ஆயில் விளக்கெண்ணெய் வகை. இன்ஜினுக்குள் போனது திரும்ப டேங்குக்கு வராது, தரையில்தான் சொட்டும். ஆனால் சின்ன வயதில் மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே விளக்கெண்ணெய், எரியும்போது என்ன மணம்!

வளைவில் தரையில் உரசும் இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டிக்கொள்ள வேண்டும். இதுவரை மூன்று தேய்ந்துவிட்டது. செலவுக் கணக்கில் அதை ‘பிரேக் ஷூ’ என்றே எழுதுகிறேன்.