வரையாடே இல்லாத வரையாட்டுக் கோப்பு: 7,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி நடந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நீலகிரி வரையாடு வாழ ஏற்ற இடங்கள் எவை என்று மேக்ஸென்ட்டில் (ஓர் உயிரினம் எங்கெங்கே வாழக்கூடும் என்று கணிக்கும் மென்பொருள்) மாடல் ஓட்டியிருந்தேன். வடக்கே 8 முதல் 21 பாகை, கிழக்கே 72 முதல் 81 பாகை, கட்டத்துக்குக் கட்டம் சுமார் ஒரு கிலோமீட்டர். விடை ராஸ்டராக, அதாவது கட்டத்துக்கு ஒரு மதிப்பு வைத்த வரைபடக் கோப்பாக வரும். என் ஆராய்ச்சிக் கைடுக்கு அது ஒத்துவராது. "எக்செல்ல குடும்மா" என்றார். மாற்றப் போய் என் லேப்டாப் இரண்டு முறை ஹேங் ஆனதும், சின்ன வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலியில் ஒருவரைப் பிடித்தேன். கூலி 7,500.

எங்கே நம்பினேன் தெரியுமா? பணப்பேச்சு எடுக்கும் முன்பே நீலகிரியின் முக்குருத்தி பக்கத்து இருபது புள்ளிகளை மாதிரிக்கு அனுப்பினார். அட்சரேகை, தீர்க்கரேகை, 0 முதல் 1 வரையிலான மதிப்பு எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. "பத்து வருஷமா இதே வேலைதான் மேடம்." முழுக் கோப்பு வந்தது. மேல் வரிகளில் -9999, அதாவது தரவு இல்லாத கட்டம். கடல்தானே என்று விட்டுவிட்டு, 'வேலை முடிந்தது' பொத்தானை அழுத்தினேன். ஒரே அழுத்து, 7,500.

ராத்திரி கடைசி வரிக்குப் போய்ப் பார்த்தால் 10,48,576. எக்செல் தாள் ஒன்றில் அவ்வளவுதான் கொள்ளும். என் ராஸ்டரிலோ கடலையும் சேர்த்து 16,84,800 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வரி. வடக்கிலிருந்து வரிவரியாக இறங்கிய கோப்பு, பெங்களூருவின் அட்சரேகைக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நின்றுவிட்டது. நீலகிரி இல்லை, இரவிகுளம் இல்லை, ஆனைமலை இல்லை. வரையாடு மேயும் மலை ஒன்றுகூட இல்லை!

கேட்டால், "ஃபைல் ஓபன் ஆகுதுல்ல?" அப்புறம், "எக்செல் லிமிட்டுக்கு நான் என்ன பண்றது?" சிஎஸ்வியாகவாவது (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) கொடுங்கள், அதற்கு இந்த வரம்பு கிடையாதே என்றேன். "அது தனி ஆர்டர், 2,000 ஆகும்." செயலியில் புகார் கொடுத்தால், வேலை முடிந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்று தானியங்கிப் பதில்.

எப்படிச் சரியாக மாற்றுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசில்லை. பணத்தை விடுவிக்கும் முன் கன்ட்ரோலும் எண்டும் அழுத்திக் கடைசி வரியைப் பாருங்கள். -9999 கட்டங்களை நீக்கித் தரச் சொல்லி முதலிலேயே எழுதி வாங்குங்கள். மாதிரிக்கு எந்த இடம் என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர்களை எடுக்க விடாதீர்கள்.

7,500 ரூபாய்! கடைசியாக நான் அனுப்பிய செய்திக்கு நீல டிக் விழுந்து ஐந்து மணி நேரம் ஆகிறது.