5 பேர், 11 தட்டு

நண்பர்களோடு சாப்பிடப் போவதென்றால் ஸ்பெயின் நாட்டுத் தபாஸ் மாதிரி வசதியான சாப்பாடு வேறு இல்லை. 'தபா' என்றால் ஸ்பானிய மொழியில் மூடி என்று அர்த்தம், ஆனால் மேசைக்கு வருவது சின்னச் சின்னத் தட்டுகள், யாரும் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளாமல் நடுவில் வைத்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாங்கள் 5 பேர் ஒரு தபாஸ் உணவகத்துக்குப் போய் 11 தட்டு வாங்கினோம். குரோக்கெட்டா என்ற பொரித்த பண்டத்தில்தான் இவர்களுடைய கற்பனை தெரிந்தது: வெளியே பொன்னிற மொறுமொறுப்பு, கடித்தால் உள்ளே கணவாய் மை கலந்த கன்னங்கரேல் கிரீம், நாக்கில் மெல்லிய கடல் உப்பு. அப்புறம் பூண்டு இறால், மண்சட்டியில் எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வந்தது, பூண்டுச் சீவலின் ஓரம் மட்டும் சிவந்திருந்தது, இறால் தீர்ந்த பிறகும் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சட்டியைத் துடைத்துவிட்டோம். பத்ரோன் மிளகாயில் பெரும்பாலானவை காரமில்லாதவை, எப்போதாவது ஒன்று சுரீரென்று ஏறும், அது யாருக்கு மாட்டுகிறது என்று பார்ப்பதே தனி சந்தோஷம்.

பத்தாத்தாஸ் பிராவாஸ், அதாவது காரச் சாஸோடு வரும் பொரித்த உருளைக்கிழங்கு, சுமார்தான், ஆறிப்போயிருந்தது. அதைவிட எரிச்சல், 6 தட்டுகளை ஒரே நேரத்தில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடும் சாப்பாட்டை இப்படி அவசரப்படுத்தக் கூடாது. சொன்னதும் மீதியை இடைவெளி விட்டுக் கொடுத்தார்கள், சரி. போகிறவர்கள் முதலிலேயே இரண்டிரண்டாகச் சொல்லுங்கள், குரோக்கெட்டாவை மட்டும் ஆளுக்கு ஒன்று வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள்.