கொடுமுடி தீர்த்தமும் ஐந்து நாள் சாப்பாட்டுக் கணக்கும்

கொடுமுடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போக, சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின வாரம் மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நடக்கிற அஞ்சு நாளைக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு மாமா எடுத்துக்கட்டும்?"

"சாப்பாட்டுக்கு எதுக்குக் கண்ணு காசு? வழியெல்லாம் போடுவாங்க" என்றார்.

எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. பத்தொன்பது வருடமாக வெளியூரில் இருந்துவிட்டு வருகிறவள், யார் எப்போது என்ன போடுவார்கள் என்று நம்பி எப்படி நடப்பது? சரி என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். காலை டிபன், மதியம் சாப்பாடு, ராத்திரி இரண்டு தோசை, இடையில் டீ, இளநீர், தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளைக்கு 500 ரூபாய். ஐந்து நாளைக்கு 2,500. அதைத் தனிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அது எப்படிச் செலவானது என்று எழுதி வைத்தால், அடுத்த பங்குனிக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நடக்க நினைப்பவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி பக்கம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் காவடி கொண்டுபோவது எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம். வெயில் ஏறுகிற பருவத்தில் மலைமேல் இருக்கும் முருகனைக் காவிரித் தண்ணீரால் குளிர்விக்க வேண்டும் என்பது நம்பிக்கை. சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் இருக்கிற மகுடேஸ்வரர் கோயிலில் வணங்கி, அங்கே இருக்கும் பழைய வன்னி மரத்தின் இலையைக் குடத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்த இலை இருந்தால் தண்ணீர் கெடாது என்று அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை நடந்திருக்கிறேன். அது நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. இது முத்தூர், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்.

கிளம்புகிற அன்றைக்குத்தான் மாமா சொல்லாமல் விட்டது தெரிந்தது. எங்கள் காவடிக் கூட்டத்தில் நாற்பது பேர். ஆளுக்கு 1,500 ரூபாய் பொதுச் செலவுக்குக் கொடுக்க வேண்டும். மூட்டைகளையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு டாடா ஏஸ் கூடவே வரும். சமையல்காரர் ஒருவர், கையாள் ஒருவர். அவர்கள் சம்பளம், வண்டி வாடகை, கேஸ், காய்கறி எல்லாம் அந்தப் பணத்தில்தான். அரிசியை மட்டும் ஊரில் ஒருவர் இரண்டு சிப்பம் (ஒரு சிப்பம் 25 கிலோ) வேண்டுதலாகக் கொடுத்துவிட்டார். மாமாவுக்கு இதெல்லாம் சாப்பாட்டுச் செலவாகவே தோன்றவில்லை. அது "கோயில் காரியத்துக்குக் கொடுக்கிறது". என் நோட்டில் நான் அதைச் சாப்பாட்டுச் செலவாகத்தான் எழுதினேன். ராத்திரி பத்து மணிக்குக் கால் எரிய உட்கார்ந்தபோது கிடைத்த சூடான அரிசி பருப்புச் சாதமும் கொள்ளு ரசமும் அந்தப் பணத்தில் வந்தவை.

முதல் நாள் கொடுமுடியில் டீ 15, நான்கு இட்லியும் ஒரு வடையும் 55, இளநீர் 50, தண்ணீர் பாட்டில் 20. மொத்தம் 140. இட்லிக்கடை அக்காவிடம் 500 ரூபாய் நோட்டை நீட்டியதும் முகம் வாடிவிட்டது. ஏடிஎம்மில் வந்ததெல்லாம் 500 ரூபாய் நோட்டு. சிங்கப்பூர் போன் நம்பரை என்ஆர்ஓ கணக்கோடு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) இணைத்து யுபிஐ வைத்திருந்தேன்; ஊருக்குள் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சாலையோரத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் நிற்கும்போது சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கிளம்புவதற்கு முன் ஈரோட்டிலோ கரூரிலோ இரண்டாயிரம் ரூபாய்க்குப் பத்தும் இருபதும் ஐம்பதுமாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் மிக உதவுவது அந்தச் சில்லறைதான்.

இரண்டாம் நாள் செலவு 30 ரூபாய். இரண்டு டீ, அவ்வளவுதான்.

வெள்ளகோவிலை நெருங்க நெருங்கப் பந்தல்கள். ஒரு பந்தலில் பானகம், அடுத்ததில் நீர்மோர், அதற்கடுத்து சுண்டல், தக்காளி சாதம், தர்பூசணித் துண்டு. "வாங்க சாமி, உக்காந்து சாப்புட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. மதியம் உட்கார்ந்த பந்தலில் சாம்பார் சாதம் போட்டார்கள், முருங்கைக்காய் தாராளமாக. மூலனூர்ப் பக்கம் முருங்கைக்குப் பேர் போனது, கேட்கவா வேண்டும். சாப்பிட்டு எழுந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "தீர்த்தம் கொண்டுபோறவங்ககிட்டக் காசு வாங்கறதுக்காங்க அம்மிணி பந்தல் போட்டோம்?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கால் வலி குறையும் வரை அவர்களோடே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அப்போதுதான் அவர்கள் கணக்கு தெரிந்தது. பக்கத்து ஊரில் இருபத்திரண்டு குடும்பங்கள். குடும்பத்துக்கு மாதம் 200 ரூபாய் சீட்டுப் போல் போட்டு வருகிறார்கள். பன்னிரண்டு மாதத்தில் 52,800 ரூபாய். பெரும்பாலும் தறிக்கும் எண்ணெய் ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். பந்தல் போடுகிற மூன்று நாளும் சம்பளமில்லாமல் விடுப்பு. ஒரு சிப்பம் அரிசி கலந்த சாதமாகப் போட்டால் இருநூற்றைம்பது பேருக்கு வரும் என்றார் சமைத்தவர். மதியத்துக்குள் மூன்று சிப்பம் காலி. நான் சாப்பிட்ட ஒரு தட்டின் பின்னால் யாரோ ஒருவரின் பன்னிரண்டு மாதச் சேமிப்பு இருக்கிறது. அதை இலவசம் என்று சொல்ல எனக்கு அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

பந்தலுக்குப் பந்தல் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அன்போடு கொடுக்கிறார்களே என்று எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் எல்லா இடத்திலும் வாங்கி, ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பொட்டலமாகக் கொடுப்பதை வாங்கிப் பையில் வைக்கவே கூடாது. பங்குனி வெயிலில் தக்காளி சாதம் இரண்டு மணி நேரத்தில் வேறு வாசனை அடிக்கும். கையில் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வைத்துக்கொண்டால், வேண்டிய அளவு மட்டும் வாங்கலாம். பந்தல்களைத் தாண்டி அரை கிலோமீட்டருக்குப் பாக்குத் தட்டும் பேப்பர் கப்பும் பாதி சோறுமாகக் கிடந்ததைப் பார்த்து மனசு நொந்துபோயிற்று.

மூன்றாம் நாள்தான் மாமாவின் பேச்சு பொய்த்தது. வெயிலுக்குப் பயந்து அதிகாலை இரண்டு மணிக்கே நடக்க ஆரம்பித்தோம். அந்த நேரத்தில் எந்தப் பந்தலிலும் அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டார்கள். எனக்குக் காலில் கொப்புளம். கூட்டத்தை விட்டுப் பின்தங்கிவிட்டேன். சமையல் வண்டி முன்னாலேயே தாராபுரத்துக்குப் போய்விட்டது. அத்தையும் நானும் மட்டும். ஏழு மணிக்கு ஒரு கடையில் இரண்டு தோசை 70, டீ 15. மெடிக்கல் ஷாப்பில் ஓஆர்எஸ் பொடி இரண்டு பாக்கெட் 44. இளநீர் இரண்டு 100. தண்ணீர் 40. தாராபுரத்தில் சாப்பாடு 110. அன்றைக்கு மட்டும் 379 ரூபாய். வழியில் சாப்பாடு இருக்கிறது என்பது உண்மை. நம் காலும் பசியும் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கும் என்பதுதான் நிச்சயமில்லை. அதிகாலைக்கென்று கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ இடுப்புப் பையில் இருக்க வேண்டும். ஓஆர்எஸ் வாங்கும்போது உலக சுகாதார நிறுவன அளவு என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெண்களுக்கு ஒன்று. எங்கள் கூட்டத்தில் பாதிப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நடந்தார்கள். கழிப்பறை கிடைக்காது என்ற பயம். மூன்றாம் நாள் அத்தைக்குத் தலை சுற்றி, சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்தே போனேன். அதற்குப் பிறகு பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பேருந்து நிலையம் எதையும் விடாமல் நின்று போனோம். சில இடங்களில் பத்து ரூபாய், சில இடங்களில் சும்மாவே விட்டார்கள். ஐந்து நாளில் 70 ரூபாய். இதையும் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பீர்கள்.

நான்காம் நாள் தாராபுரத்தைத் தாண்டிய பிறகு மறுபடியும் பந்தல்கள். டீ 30, தர்பூசணி 30, மொத்தம் 60.

ஐந்தாம் நாள் காலை பழனி அடிவாரம். ஓர் ஓட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டதில் என் பங்கு 160 வந்தது. மெனுவில் விலையே போடவில்லை, பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. பக்கத்துக் கடையில் 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலை 30க்குக் கொடுத்தார்கள். கேட்டதற்கு "திருவிழா ரேட்டுங்க" என்றார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. நுகர்வோர் உதவி எண் 1915. களைப்பில் நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருக்க வேண்டும். வழியில் கிராமத்துப் பந்தலில் நூறு ரூபாயை வாங்க மறுத்தவர்களைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்தப் பத்து ரூபாய் ரொம்பவே வலித்தது.

மதியம் மலைமேல் கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டோம். 2012 முதல் அங்கே நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. வரிசை நீளம்தான், ஆனால் சுத்தமாக, வேகமாகப் போட்டார்கள். வயதானவர்களை முன்னால் உட்கார வைத்தார்கள். காலையிலேயே அடிவாரத்தில் டிபனுக்கு அலையாமல், ஒரு டீயோடு மேலே ஏறியிருந்தால் அன்றைய 190 ரூபாயில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

ஊருக்கு வந்து நோட்டை எடுத்துக் கூட்டினேன். கையிலிருந்து சாப்பிட்டது 799. கூட்டத்துக்குக் கொடுத்தது 1,500. கழிப்பறைக்கு 70. மொத்தம் 2,369. சிங்கப்பூரில் உட்கார்ந்து போட்ட 2,500க்கு 131தான் குறைவு. தனியாக நடக்கிறவர்கள் என்றால் நாளைக்கு 400 ரூபாயாவது வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கூட்டத்தோடு என்றால் பொதுச் செலவுக்குக் கொடுத்தது போக நாளைக்கு 200 போதும். பின்தங்கிப் போகிற ஒரு நாளுக்கென்று 400 தனியாக இருக்கட்டும்.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மாமாவிடம், அடுத்த வருடத்துக்கு என் பங்காக ஒரு சிப்பம் அரிசிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"அரிசிக்கு இப்பவே மூணு பேர் சொல்லிட்டாங்க கண்ணு. கேஸுக்குத்தான் ஆள் இல்லை."

ரெண்டு சிலிண்டருக்கு எழுதிக்கொள்ளச் சொன்னேன். மாமா நோட்டை எடுத்து, என் பேருக்கு நேராக எழுதிக்கொண்டார்.